எண்ணூர்க் கண்டலுக்குக் கல்யாணம்

விதையை மீனம்பாக்கத்திலேயே பறித்துவிட்டார்கள்.

கடலோரச் சேற்றில் நிற்கிற கண்டல் மரத்து விதை, ஒரு சாக்கு நிறைய. முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். மன்னாரில் எங்கள் களப்பு ஓரத்தில், கடல்நீர் ஏறுகிற ஏரிக்கரையில், என் கையால் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் ஒரு ஐயா திறந்து பார்த்தார்.

"என்னம்மா இது, முருங்கைக்காயா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "விதை" என்றேன்.

"வெளிநாட்டு விதை உள்ள வரக்கூடாதும்மா. பூச்சி வரும், நோய் வரும்."

அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊருக்கு ஒருத்தர் அப்படிக் கொண்டுவந்தால் நானும் பறித்திருப்பேன். சாக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெறுங்கை.

நான் வந்ததே அந்த விதைக்காகத்தான். எங்கள் மாதர் சங்கம் கண்டல் நடுகிற சங்கம். இறால் பண்ணைக்கு வெட்டின இடத்திலெல்லாம் திரும்ப நட்டோம். அதைக் கேள்விப்பட்டு எண்ணூரில் இருந்து ஒரு மனுசி கூப்பிட்டாள். தேசம்மா. போனில்தான் பழக்கம். "நீ வா க்கா. வெத எட்துகினு வா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று அப்போது தெரியாது.

வெளியே ஒரு பாய் அட்டையைப் பிடித்தபடி நின்றார். அட்டையில் 'பிலோமினா அக்கா, சிலோன்' என்று இருந்தது. காதர் பாய். ராயபுரத்துக்காரர். தேசம்மா பிடிக்கிற நண்டைக் காசிமேட்டு மீன் சந்தைக்கு ஏற்றுகிற ஆட்டோ அவருடையது. ஏறினேன். வண்டி முழுக்க நண்டு மணம். அதை மூச்சில் இழுத்த பிறகுதான் ஆறுதல் வந்தது.

"வெத மூட்ட எங்கமா?"

"பறிச்சுப்போட்டினம்."

பாய் அட்டையை மடித்து சீட்டுக்கு அடியில் போட்டார். "தேசம்மா பேஜாராய்டுமே" என்றார். "சிலோன்லேர்ந்து வெத வருது, காடு வருதுன்னு ஊர்பூரா சொல்லி வெச்சிக்கீது."

எனக்கும் பாரமாகத்தான் இருந்தது.

திருவொற்றியூர் தாண்டினதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்டெய்னர் லொறி. பின்னால் கண்டெய்னர் லொறி. பக்கத்திலும் அதே. கடல் பக்கத்தில்தான் இருந்தது. காற்று உப்பாக வந்தது. பெட்டிகளால் கடலைப் பார்க்க முடியவில்லை.

பாய் எஞ்சினை நிறுத்தினார். "நல்லா குந்துமா. இன்னிக்கு இத்தான் நம்ப வூடு."

பக்கத்து லொறியின் அடியில் அதன் டிரைவர் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். வடக்கத்தி மனிதர். எங்களைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ சொன்னார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னவாம்?"

"'உன் ஆட்டோவால ரோடே அடச்சிகிச்சு பார், கொஞ்சம் ஓரங்கட்டு'ன்றாரு."

அவர் மறுபடி பேசினார். பாய் சொன்னார்: "நேத்து காத்தாலேர்ந்து இங்கியே கீறாராம். பொண்டாட்டிக்குப் போன் பண்ணி, மெட்ராஸ்ல வூடு கட்டிட்டேன், வந்துடுன்னு சொல்ட்டாராம்."

எனக்கும் ஒரு ரொட்டி தந்தார். ஊறுகாயோடு. சூடாக, கொஞ்சம் டீசல் வாசத்தோடு இருந்தது. சாப்பிட்டேன். இவ்வளவு லொறி ஏன் நடுத் தெருவில் நிற்கிறது என்று கேட்டேன்.

"நிறுத்த எடம் இல்லமா. அதான் எங்க காலியா கீதுன்னு கம்பெனிக்காரங்க தேடிக்கினு கீறாங்க." பாய் கையைத் துடைத்தார். "காலின்னு அவங்க நெனக்கிற எடம்தான் நம்ப தேசம்மா எடம்."

தேசம்மா குள்ளமான மனுசி. விரல்கள் தடிப்பு. விரல் முழுக்க நண்டு கடித்த தழும்பு. விதை இல்லை என்றதும் என் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"வெதயதான புட்ச்சிகினாங்க? உன்ன வுட்டாங்களே. வா, மொதல்ல துன்னு."

சோறும் நண்டும். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் விடாமல் நண்டுக்கறி இல்லை. இங்கே புளியும் மிளகாயும்தான். மூக்கு ஒழுகியது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடிந்ததும் சொன்னாள். ஆற்று முகத்துக்கு உள்ளே ஒரு சேற்றுத் திட்டு. அதில் கண்டல்காடு. அவள் புருசன் கடலில் போனவன், திரும்பவில்லை. அதன் பிறகு அந்தத் திட்டில் கையால் தடவி நண்டு பிடித்துத்தான் சீவியம். இப்போது ஒரு கம்பெனி அதை மண் போட்டு மூடிக் கண்டெய்னர் நிறுத்தப் போகிறது. குப்பத்துக்காரர் 'ஆட்சேபம் இல்லை' என்று கைநாட்டுப் போட்டுக் கொடுத்தால் வேலை சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிறது.

"போடுவினமோ?"

"போடுவாங்க. புள்ளைங்களுக்கு வேல தரேன்னு சொல்லிக்கீறான். ஆனா எங்க ஊர்ல ஒரு கட்டுப்பாடு கீதுக்கா. எல்லா தலைக்கட்டும் கை வெச்சாதான் பேப்பர் ஊரத் தாண்டும். ஒருத்தன் கடலுக்குப் போய்ட்டான்னா, அவன் வர்ற வரிக்கும் பேப்பர் கோயில்ல அம்மன் காலாண்ட கெடக்கும்."

தலைக்கட்டு என்றால் குடும்பத்துத் தலைவன். ஊர்க் கூட்டத்தில் அவனுக்குத்தான் வாய்.

"நீர் கை வைக்காட்டி?"

"பொம்பளைக்கு ஏது தலைக்கட்டு? அவரு போனாரு, அதுவும் போச்சு." தட்டைக் கழுவி வைத்தாள். "திட்டு போச்சின்னா நானும் போனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. எனக்கு அவளைப் பிடித்தது.

மறுநாள் விடியக் காசிமேடு. நண்டுக் கூடை நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். ஏலக்காரர் கத்துகிற சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. எங்கள் அறக்குளா இங்கே வஞ்சிரம். பெயர்தான் மாற்றம், மீன் அதே முறைப்போடு கிடந்தது.

பெரிய இழுவைப் படகுகள் வரிசையாக நின்றன. எங்கள் பக்கத்தில் வந்து வலையைக் கிழிக்கிறது இந்தப் படகுகள் இல்லை. என்றாலும் அதே மாதிரிப் படகுகள்.

வெற்றிலை மென்ற ஒரு மீன்காரி என் பேச்சைக் கேட்டுவிட்டாள். "சிலோனா? அங்கேர்ந்து காசிமேட்டுக்கு மீன் வாங்க வந்தியா? இன்னா, உங்கூர்ல கடல் வத்திப் போச்சா?"

"கடல் கிடக்குது. பெரிய படகுகள்தான் அடியோட அள்ளிக்கொண்டு போகுது."

அவள் வெற்றிலையைத் துப்பினாள். "அத்த சொல்லு! எங்க கட்டுமரத்துக்கும் அதே கததான். சிலோன்காரின்னாலும் சரியாத்தான் பேசுது." எனக்கு ஒரு கை நெத்திலியைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். எங்கள் ஊரிலும் அதைக் கொசுறாகத்தான் தருவோம்.

நாஸ்தாவுக்கு இட்டலியும் வடகறியும். வடையை உடைத்துக் குழம்பு வைக்கிறார்கள். முதலில் வீண் வேலை என்று நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் சரியில்லை. விரலளவு கிளாஸில் தருகிறார்கள். தொண்டைக்குள் போக முதல் முடிந்துவிடுகிறது.

பகலில் சின்னப் படகில் திட்டுக்குப் போனோம். தேசம்மா துடுப்பு வலித்தாள்.

சுற்றிலும் அனல் மின்நிலையப் புகைபோக்கி. தண்ணீரில் கையை விட்டேன். ஒரு இடத்தில் வெதுவெதுப்பாக இருந்தது, முகம் கழுவ வைத்த தண்ணீர் மாதிரி. அடியில் சாம்பல் நிறச் சேறு. "ஆருடைய சாம்பல்?" என்று கேட்டேன். தேசம்மா துடுப்பை எடுத்து நாலு பக்கமும் காட்டினாள்.

வழியில் ஒரு படகு மட்டும் வலை போட்டுக்கொண்டிருந்தது. மற்றப் படகுகள் கரையோரம் சும்மா நின்றன. ஆட்கள் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அவையள் போடேல்லை?"

"இன்னிக்கு அவன் பாடு. இந்த எடத்துல இன்னிக்கு அவன் மட்டும்தான். நாளிக்கு அடுத்தவன். சீட்டு குலுக்கிப் போட்டு முற வெச்சிக்கீறாங்க. எம்மாம் மீன் வந்தாலும் வேற ஒருத்தன் கைய வெக்க மாட்டான்."

ஒருவன் கண்ணுக்கு முன்னால் கூடை நிறைகிறது. மற்றவன் பார்த்துக்கொண்டு பீடி பிடிக்கிறான். எங்கள் ஊரில் இதற்குள் மண்டை உடைந்திருக்கும்.

திட்டு வந்தது. ஓரத்தில் ஒரு பெரிய கண்டல். இந்த இனத்தை எங்கள் பக்கம் கண்ணா என்போம். அடிமரம் இரண்டு பேர் கட்டிப் பிடிக்கலாம். கிளை முழுக்கக் கூழைக்கடா. அதுகளின் எச்சத்தால் மரம் வெள்ளை அடித்த மாதிரி நின்றது. இலையில் சாம்பல். சாம்பலுக்குக் கீழே பச்சை.

நான் குனிந்து பார்த்தேன். மரத்தடியில் மொச்சைக்கொட்டை மாதிரி விதை சிதறிக் கிடந்தது. சிலது முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. கூட்டம் கூட்டமாக.

"விதை இங்கேயே கிடக்குதே" என்றேன். "என்ர விதை இந்தச் சேத்தில நிண்டிருக்காது. பறிச்சதும் நல்லதுக்குத்தான்."

தேசம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வேருக்கு அடியில் கையை விட்டாள். கை வந்தபோது ஒரு நண்டு இருந்தது. நானும் விட்டேன். எனக்கும் வந்தது, விரலைக் கவ்வியபடி. அவள் சிரித்த சிரிப்பில் கூழைக்கடாவெல்லாம் எழும்பிப் போனது.

திரும்பும்போது கேட்டேன். "இந்தத் திட்டு ஆருடைய பாடு?"

"யார்துமில்ல. வல போட முடியாது, வேர் கிழிச்சிடும். அதான் யார் பேர்லயும் இல்ல."

"அதுதான் கரைச்சல். ஆருடையது எண்டில்லாததைத்தான் ஆரும் வந்து எடுப்பினம்."

தேசம்மா துடுப்பை நிறுத்திவிட்டாள். படகு தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. நான் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா" என்றாள். "காட்டயே ஒரு தலைக்கட்டா சேத்துட்டா?"

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கரைக்கு வந்த வேகத்தில் படகு மணலில் பாதி ஏறிவிட்டது.

நேரே ஊர்த் தலைவரிடம் போனோம். ஆறுமுகம். தேசம்மா புருசனுக்கு அண்ணன். மரத்தடியில் ஆட்களோடு இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தேசம்மா நின்றபடியே சொன்னாள். திட்டைத் தலைக்கட்டாகச் சேர்க்க வேண்டும், அதற்கும் ஒரு பாடு விட வேண்டும்.

ஆட்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்தார்.

"என் பையன் டிப்ளமா படிச்சிட்டு வூட்ல குந்திகினு கீறான். அவனுக்கு இந்தத் திட்டு சோறு போடுமா?"

"எனக்குப் போடுது."

"சரி. எந்த ஊர்லயாவது கல்யாணம் ஆவாதவன தலைக்கட்டுல சேப்பாங்களா? தாலி கட்னாத்தான தலைக்கட்டு? உன் மரத்துக்குக் கல்யாணம் ஆச்சா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவளை விரட்டத்தான் அப்படிக் கேட்டார். தேசம்மா நகரவில்லை.

"ஆவும். ஞாயித்துக்கெழம காத்தால. நீதான் மாப்ளைக்கு அண்ணன். வந்து முன்ன நில்லு."

"நடத்து பாப்பம்" என்றார் தலைவர். "கல்யாணம் ஆச்சின்னா சேத்துக்கறேன், போ." பத்து ஆள் கேட்க வாய் தவறி விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான்.

அதன் பிறகு எனக்கு ஓய்வில்லை. பெண் யார் என்று அன்று முழுக்க வாக்குவாதம். வேறு மரமா, அம்மன் கோயில் வேம்பா. கடைசியில் ஆறுதான் பெண் என்று முடிவானது. காசிமேட்டு மீன்காரி செய்தி கேட்டுச் சொன்னாளாம்: "எத்தினி வருசமா ரெண்டும் ஒன்னா குடும்பம் நடத்திக்கினு கீதுங்க. இப்பதான் தாலியா? அதுவும் நல்லதுதான், வயித்துல புள்ள குட்டின்னு ஆய்ப்போச்சி."

கடல் தாண்டி வந்தவள் என்பதால் நான் பெண் வீட்டுக்காரி. நான் வேதக்காரி, கோயில் குளம் எனக்குப் பழக்கமில்லை என்றேன். "உங்க அந்தோணியாரு கோச்சிக்கினா எங்க அம்மன் பேசிக்கும்" என்றாள் தேசம்மா.

காதர் பாய் எங்களை வண்ணாரப்பேட்டைக்கு ஏற்றிப் போனார், மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்க. கடைக்காரப் பையன் கேட்டான். "மாப்ள எம்மாம் சைசுமா?"

"இடுப்பு ரெண்டு ஆளு கட்டிப்புடிக்கலாம்" என்றாள் தேசம்மா.

பையன் அளவு நாடாவைக் கீழே வைத்தான். "இன்னா துன்றாரு?"

"சாம்பல்" என்றார் பாய்.

நாலு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துத் தந்தான். திரும்பும் வழியில் பாய் அத்தோ வாங்கித் தந்தார். பர்மாவில் இருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். நூடில்ஸ், முட்டைக்கோவா, பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இன்னொரு நாட்டில் இருந்து வந்தது இந்த ஊரில் வேர் பிடித்துவிட்டது. என் விதைக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆவணி முகூர்த்தம். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சாப்பாடு உண்டு என்றதும் மிச்சப் பேரும் வந்தார்கள். கம்பெனியில் இருந்து ஒரு தம்பி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் பேப்பர் பை, அவரும் கரையில் காத்திருந்தார். மத்தியானத்துக்குப் பிறகுதான் கூட்டம். முன்கூட்டியே வந்துவிட்டார், பாவம். தேசம்மா அவருக்கும் சந்தனம் பூசிவிட்டாள்.

படகுகள் வெளிக்கிட்டன. நான் முதல் படகில் ஆற்றுத் தண்ணீர்க் குடத்தை மடியில் வைத்திருந்தேன். அதுதான் பெண். மஞ்சள் பூசி, பூ வைத்து, சிவப்புச் சேலை சுற்றியிருந்தது. பக்கத்தில் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு தலைவர். பறை பின்னால் வந்த படகில் அதிர்ந்தது.

திட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் படகு நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. எல்லாம் நின்றது.

தண்ணீர் இல்லை. கடல் பின்வாங்கி ஓதம் வடிந்துவிட்டது. சேறுதான்.

பறையும் நின்றுவிட்டது. கடலிலேயே பிறந்து கடலிலேயே கிடக்கிற சனம். ஐயரிடம் போய் நல்ல நேரம் பார்த்திருக்கிறார்கள். ஓதம் பார்க்கவில்லை. ஊரில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் பெண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பின் படகில் இருந்து ஒருவன் கத்தினான். "யோவ் தலைவரே, பொண்ணு வந்துச்சி, மாப்ள வூட்டாண்ட ரோடு இல்லியே!"

"முந்தியெல்லாம் இங்க ரெண்டாளு ஆழம் கீந்திச்சி" என்றார் தலைவர். சாம்பல் சேற்றைப் பார்த்தபடி சொன்னார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "முகூர்த்தம் தாண்டக் கூடாது. வாங்கடா."

முதல் அடியிலேயே முழங்கால். அடுத்த அடியில் தொடை. ஆட்கள் இறங்கிப் படகைத் தள்ளினார்கள். படகு வழுக்கிக்கொண்டு முன்னே போனது, தலைவர் பின்னே நின்றுவிட்டார். இழுக்க இழுக்க உள்ளே போனார். வெள்ளைச் சட்டை கறுப்பானது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தேசம்மா எழும்பி நின்று கத்தினாள்.

"மாமா! கிளையப் புடி! தலைக்கு மேல கீது பார், மரத்தப் புடி!"

பெரிய கண்டலின் ஒரு கிளை அவ்வளவு தூரம் தாழ்ந்து நீண்டிருந்தது. தலைவர் எட்டிப் பிடித்தார். கிளை வளைந்தது. முறியவில்லை. மெல்ல மெல்லத் தன்னை இழுத்துக்கொண்டு வேரில் வந்து உட்கார்ந்தார். கூழைக்கடாக்கள் மேலே இருந்து பார்த்தன. ஒன்று அவர் தோளில் எச்சமும் போட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தைத் தடவினார். "மாப்ள கைய குடுத்தாரு" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை மரத்தை விடவில்லை.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வேட்டி சுற்றினோம். இரண்டு வேட்டியும் பற்றவில்லை, தலைவர் தோளில் இருந்த சேற்றுத் துண்டையும் சேர்த்து முடிந்தோம். மாப்பிள்ளைக்காக அவர் குடத்துக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். குடத்துத் தண்ணீரை நான் வேரில் ஊற்றினேன். மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

திரும்பி வர ஓதம் ஏறுமட்டும் காத்திருக்க வேண்டி வந்தது. ஊர் முழுக்க அந்தத் திட்டில், மரத்து நிழலில். பெரிய ஆட்களில் பல பேர் படகில் தாண்டிப் போயிருக்கிறார்கள், இறங்கினதில்லை. ஒருவர், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கிற மூச்சு வேர்களுக்கு நடுவே துள்ளுகிற மீன் குஞ்சைப் பார்த்தார். "இறா குஞ்சு கூட கீதுடா. நம்ப பாட்டுல வர்ற இறா இங்கேர்ந்துதான் வருதா?" என்றார். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு கரையில். மீன் குழம்பு, நண்டு ரசம், காதர் பாய் வீட்டுப் பிரியாணி ஒரு அண்டா. கம்பெனித் தம்பியும் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பிறகு கோயில் முன்னால் கூட்டம். பெண்கள் தள்ளி நின்றோம். தலைவர் குளித்து வேறு வேட்டியில் வந்தார். கம்பெனித் தம்பி பேப்பரை விரித்தார். மைப் பெட்டியைத் திறந்தார்.

"ஒரு நிமிசம் தம்பி" என்றார் தலைவர். "ஊர்ல இன்னிக்கு ஒரு புதுத் தலைக்கட்டு. மொதல்ல அவர சேத்துக்கணும்."

ஒரு கிழவனார் எழும்பினார். "ஆறுமுகம், வெளயாட்டு போதும்பா. புள்ளைங்க வேல இன்னாவறது?"

"வேல கேப்போம். நானும் வர்றேன், சேந்து கேப்போம். என் பையனுக்கும் சேத்துக் கேப்பேன்." தலைவர் நிறுத்தினார். "எடத்தக் குடுத்துட்டுத்தான் வேல கேக்கணும்னு எவன் சொன்னது? பத்து பேர் நடுவுல சேத்துக்கறேன்னு வாக்கு குடுத்தேன். அதுவும் சேத்துல முழுவறப்ப உங்கள்ல ஒருத்தன் வரல. அவன்தான் வந்தான். கைய குடுத்தவன வுட்டுட்டு நான் கையெழுத்து வெக்க முடியாது. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இப்ப சொல்லுங்க."

நான் தேசம்மாவைப் பார்த்தேன். கோயில் கம்பியைப் பிடித்திருந்தாள்.

யாரோ ஒருவன் பின்னால் இருந்து சொன்னான். "பிரியாணி துன்னாச்சி. இனிமே இல்லன்னா சொல்ல முடியும்?"

கூட்டம் சிரித்தது. கிழவனாரும் உட்கார்ந்துவிட்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தலைக்கட்டும் "கீறேன்" என்றது. கடைசியில் தலைவர் சத்தமாகக் கூப்பிட்டார். "கண்டல்!"

காற்று மட்டும் வந்தது.

"ஆளு வரல" என்றார் தலைவர். பேப்பரை மடித்தார், அம்மன் காலடியில் வைத்தார். மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

கம்பெனித் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. "சார், அவர் எங்க சார்? எப்ப வருவாரு?"

"அவரு எங்கியும் போவலப்பா. ஆத்துல நின்னுகினு கீறாரு. நீயே போய்க் கையெழுத்து கேளு. ஆனா ஓதம் பாத்துட்டுப் போ."

தேசம்மா கம்பியை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாக்கா, பாத்திரம் கழுவணும்" என்றாள். கழுவினோம்.

அடுத்த இரண்டு நாளும் அவளும் நானும் குப்பத்துப் பெண்களுமாய்த் திட்டின் ஓரத்தில் கன்று நட்டோம். மாப்பிள்ளையின் பிள்ளைகள்தான். அதுவும் ஊரில் புதிய பேச்சு. கல்யாணமாகி மறுநாளே இவ்வளவு பிள்ளையா என்று.

இது கோர்ட்டில் நிற்குமோ எனக்குத் தெரியாது. பேப்பர் வேறு வழியாலும் போகலாம். கம்பெனிக்குக் கை நீளம். இந்த ஊரைத் தாண்டி ஒன்றும் போகவில்லை, அது மட்டும் தெரியும்.

மீனம்பாக்கத்தில் திரும்பவும் அதே ஐயா. என்னை ஞாபகம் இருந்தது. "பையில என்னம்மா, விதையா?"

"கருவாடு" என்றேன். முகர்ந்து பார்த்தார். நம்பினார்.

போன கிழமை தேசம்மா போனில் கூப்பிட்டாள். திட்டில் நண்டு ஏறியிருக்கிறதாம். பேப்பர் இன்னும் கல்லுக்குக் கீழேதானாம். கம்பெனியில் இருந்து மூன்று பேர் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார்களாம்.

"வந்து?"

"வந்து இன்னா? முட்டி வரிக்கும் சேத்துல. எங்க பசங்கதான் போய்த் தூக்கியாந்தாங்க." அவள் சிரிப்பு காதைத் துளைத்தது. "படிச்சிப் படிச்சிச் சொன்னோம்க்கா, ஓதம் பாத்து வாங்கன்னு."